நெம்புகோல் என்ன விலை?

சைக்கிள் டயரைக் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட மூன்று பிளாஸ்டிக் பட்டைகள் என்னிடம் இருக்கின்றன. மஞ்சள் நிறம். ஒரு முனை வாத்தின் அலகு மாதிரி தட்டையாக இருக்கும், மறுமுனையில் போக்ஸ் கம்பியில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. இணையத்தில் 350 ரூபாய். பார்சலைப் பிரித்தபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "இது எதுக்குடி, தோசை திருப்பவா?" இரண்டாவது கேள்வி, "எவ்வளவு?" விலையைச் சொன்னதும் அவள் போட்ட மனக்கணக்கு எனக்கு வெளியே கேட்டது. எங்கள் பக்கம் சைக்கிளுக்கு ஒரு பஞ்சர் ஒட்ட இப்போது நாற்பது ரூபாய். ஆக, கிட்டத்தட்ட ஒன்பது பஞ்சர் காசு. அதற்கு நாமே உட்கார்ந்து கையைக் கரியாக்கிக்கொள்ள வேண்டுமா என்பது அக்காவின் கட்சி.

கணக்காகப் பார்த்தால் அவள் சொல்வதில் குறை ஒன்றுமில்லை. நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவள்தான். ஆனால் நாற்பது ரூபாய் என்பது பஞ்சர் கடை வாசலில் நிற்பவருக்கான விலை. கடை எங்கே இருக்கிறது, அதுவரை சைக்கிளை யார் தள்ளிக்கொண்டு போவது, அப்போது மணி என்ன என்பதெல்லாம் அந்த விலைக்குள் வராது.

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே வடமதுரை, எரியோடு, வேடசந்தூர் என்று விரிகிற சமவெளியில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு முள்ளைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மானாவாரிக் காடு, ஆடு மேய்ந்த பொட்டல், நடுநடுவே நூல் மில். மீதி இடமெல்லாம் சீமைக் கருவேலம். 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராக ஜேசிபி போனது. வெட்டிய கிளைகளைப் பாதையோரம் இழுத்துப் போட்டதில் அந்த மாதங்களில் பஞ்சர் ஒட்டியவர்களுக்கு நல்ல வியாபாரம். அந்த முள் நீளமானது, காய்ந்தால் ஆணி. டயரைத் துளைத்து, டியூபையும் துளைத்து, சமயத்தில் டியூபின் மறுபக்கத்தையும் தொட்டுவிட்டு நிற்கும். ஒரு ஓட்டையை ஒட்டிவிட்டு நிம்மதியாக மாட்டினால் மறுநாள் காலை டயர் மறுபடி தட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, நெருஞ்சி. மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். அதன் பூ கண்ணுக்கு இனிதாயிருந்து பிறகு முள்ளைத் தருவதை மாறிப்போன காதலனுக்கு உவமையாக்கி அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் ஒரு பாட்டு (202) எழுதியிருக்கிறார். சைக்கிள் இல்லாத காலத்திலேயே இவ்வளவு கோபம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கும் இதே செடி போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அதற்கு 'பங்ச்சர்வைன்' என்றே ஒரு பெயர், பஞ்சர் கொடி. வேறொரு கண்டத்தில் நம்ம ஊர் நெருஞ்சி சைக்கிள்காரர்களிடம் பேர் வாங்கிவிட்டது என்று படித்தபோது எனக்கு அற்பமான ஒரு பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது எதிரி புதியது. நான்குவழிச் சாலை வந்த பிறகு வந்தது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையோரம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும். தலைமுடிக்கு அண்ணன் அளவு தடிமன். டயருக்குள் நுழைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் குத்தும், குத்தினால்தான் தெரியும். விரலால் பிடுங்கவும் முடியாது.

இதற்கு எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு கருவி இருந்தது. முள்வாங்கி. இரும்பில் செய்த சின்ன இடுக்கி, முனை மட்டும் ஊசியாகக் கூடியிருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அரைஞாணில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். செருப்பில்லாமல் பொட்டலில் நடக்கிறவருக்கு அது ஆடம்பரம் கிடையாது. ஒரே ஒரு வேலைக்காக மட்டும் செய்யப்பட்ட கருவி, அதை வாங்கக் காசு செலவழித்தார்கள், இடுப்பிலேயே வைத்திருந்தார்கள். 'சைக்கிளுக்குன்னு தனியா டூல்ஸா?' என்று யாராவது சிரித்தால் எனக்கு முள்வாங்கிதான் ஞாபகம் வரும்.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. அரசுப் பள்ளி. ஊருக்கும் பள்ளிக்கும் ஏழு கிலோமீட்டர். விலையில்லா சைக்கிள் வந்த வருஷம் அது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, சில வருடங்களில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் என்று விரிந்தது. எதற்கெல்லாமோ குறை சொல்கிற நான் இதற்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். எட்டாவதோடும் பத்தாவதோடும் நின்ற எங்கள் தெருப் பெண்களை எனக்குத் தெரியும், அவர்களில் பாதிப் பேரை நிறுத்தியது படிப்பில்லை, தூரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. பி. சாய்நாத் எழுதி அது உலகத்துக்கே தெரிந்தது. எழுத்தறிவு வகுப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு அந்தப் பெண்களே பதிலாக ரோட்டில் போனார்கள்.

அரசு சைக்கிள் கொடுக்கிறது. பஞ்சர் கடை கொடுப்பதில்லை.

நான் வாடகைச் சைக்கிளில் கற்றுக்கொண்ட காலத்தில், அதே ஏழு கிலோமீட்டரில் மூன்று சைக்கிள் கடை இருந்தது. ஒரு வேப்பமரம், கீழே தண்ணி ஊற்றிய தகரச் சட்டி, ஒரு பம்பு, கிளையில் தொங்கும் பழைய டயர். இப்போது ஒன்றுகூட இல்லை. ஒன்று செல்போன் ரீசார்ஜ் கடையாகி, அதுவும் மூடிவிட்டது. நான்குவழிச் சாலையில் பஞ்சர் கடைகள் உண்டு, கம்ப்ரஸர் வைத்து லாரிக்கும் காருக்கும் பார்ப்பார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், "சைக்கிளெல்லாம் பாக்குறதில்ல பாப்பா" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. லாரி டயர் ஒன்றுக்குக் கிடைக்கிற கூலி எங்கே, இந்த நாற்பது ரூபாய் எங்கே. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். ஆனால் அந்தக் குழாயின் வாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது. சாதா சைக்கிளின் மௌத்தில் அது பிடிக்காது, புஸ்ஸென்று ஊதிவிட்டு நிற்கும்.

அந்த நவம்பரில் ஒருநாள் மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறேகாலுக்குக் கிளம்பியிருக்கிறாள். இரண்டு கிலோமீட்டரில் பின் டயர் போய்விட்டது. மீதி ஐந்தையும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். மழைக்காலத்து இருட்டு. பைக்கில் இரண்டு பேர் ஒருதடவை கடந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் கடந்து போயிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் பைக்காரர்களைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தாள், அதுவும் என்னிடம், போனில். நான் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதும் அவளுக்குக் கோபம். சொன்னேன், சொல்ல வேண்டிய விஷயம்தான். அக்கா சொன்னது ஒரே வரி: "ஸ்பெஷல் கிளாஸ் வேணாம். நாலரைக்கு வீட்டுக்கு வரட்டும்." மாமா ஒன்றும் சொல்லவில்லை, அவர் சொல்லாதது எப்போதும் சம்மதம்தான்.

கணக்குப் பாடத்துக்கான ஸ்பெஷல் கிளாஸ் அது. அவளுக்கு வருகிற ஒரே பாடமும் கணக்குதான்.

இதற்குப் பிறகுதான் மஞ்சள் பட்டைகளை வாங்கினேன். அதோடு ஒரு சின்னக் கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் தாள், சொல்யூஷன் டியூப். ஞாயிற்றுக்கிழமை அவளையும் சைக்கிளையும் மினிவேனில் ஏற்றி திண்டுக்கல்லுக்கு வரவைத்து, பேகம்பூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரே பழைய சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் பாய், அவளுக்கு மட்டும் பாய் தாத்தா. "இவளுக்குப் பஞ்சர் ஒட்டக் கத்துக்குடுங்க பாய்" என்றதும் அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கத்துக்குடுத்தா அப்புறம் எனக்கு எவ வருவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் அதில் பாதி நிஜம். பிறகு, "சரி, ஒட்டுற பஞ்சருக்கு காசு குடுத்துரணும். நீங்க ஒட்டுனாலும் நான் ஒட்டுனாலும் நாப்பது" என்று முடித்தார். நியாயமான கட்டணம். மதியத்துக்குள் மூன்று பஞ்சர் ஒட்டினாள், 120 ரூபாய் கொடுத்தோம். இரண்டாவதும் மூன்றாவதும் அவரே ஆணியால் போட்டது.

மஞ்சள் பட்டையை வாங்கிப் பார்த்தார். விரலால் வளைத்தார், வளைந்தது. "கெட்ட சாமானுன்னு சொல்லமாட்டேன். அலுமினிய ரிம்முக்கு இதுதான் சரி, அதுல இரும்பப் போட்டா ரிம்மு கீறிரும். நம்ம வண்டி இரும்பு ரிம்மு. இதுக்கு இது நோகும்." அவருடைய கருவி எது என்று பார்த்தேன். ஒன்று, முனை தேய்ந்த பழைய இரும்புப் பட்டை. இன்னொன்று கரண்டிக் காம்பு. சாப்பிடுகிற கரண்டிதான், கிண்ணத்தை வெட்டிவிட்டு முனையை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருக்கிறார். அந்த வழவழப்பில்தான் விஷயமே. முனை கூராக இருந்தால் டியூபைக் கிழித்துவிடும், ஒரு பஞ்சரைச் சரிசெய்யப் போய் இரண்டாகும். கடையில் விற்கிற கருவிக்கு நாம் கொடுக்கிற காசில் பெரும்பகுதி அந்த உருண்ட முனைக்குத்தான்.

ஆனால் பெரும்பாலும் கரண்டிக் காம்பைக்கூட அவர் எடுக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, காற்றை இறக்கி, இரண்டு கட்டைவிரலாலும் டயரின் ஓரத்தைச் சுற்றிவர அமுக்கிக்கொண்டே போனார். பிறகு ஒரு இடத்தில் கையால் ஒரு திருகு, டயரின் ஓரம் ரிம்முக்கு வெளியே வந்துவிட்டது. அவள் வாய் பிளந்தாள். நானும்தான்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. டயரின் இரண்டு ஓரத்திலும் உள்ளே எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. ரப்பர் நீளும், அந்தக் கம்பி நீளாது. ரிம்மின் உதட்டைவிட அந்த வளையம் சிறியது, அதனால்தான் காற்றடித்தால் டயர் கழன்று போகாமல் இருக்கிறது. அப்படியானால் சின்ன வளையம் பெரிய உதட்டை எப்படித் தாண்டும்? வளையல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வளையல் நீளாது, கைதான் குவிய வேண்டும். வளையல்காரர் நம் கட்டைவிரல் எலும்பை உள்ளே மடக்கி ஒரு அமுக்கு அமுக்குவாரே, அதுதான் இங்கேயும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் டயரின் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அங்கே மிச்சமாகிற தளர்வு அப்படியே நகர்ந்து இந்தப் பக்கம் வந்து சேரும். அந்தத் தளர்வில்தான் ஓரம் உதட்டைத் தாண்டுகிறது. பள்ளத்தை மறந்துவிட்டு நெம்பினால் எந்த விலை லீவரும் உடையும், அல்லது டியூப் கிழியும். திரும்ப மாட்டும்போது மௌத் இருக்கிற இடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் டியூபின் தடித்த அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால் டயர் அங்கே இறங்காது. அங்கேயே ஆரம்பித்தால் முடிவில் முழம் போட்டாலும் எட்டாத இறுக்கம் வரும்.

"மாட்டும்போது லீவரத் தொட்டா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று அவளிடம் சொன்னார் பாய் தாத்தா. லீவரால் மாட்டினால் ரிம்முக்கும் லீவருக்கும் நடுவில் டியூப் மாட்டி அது கடித்துவிடும். மாட்டுவதற்குக் கட்டைவிரலின் அடிச்சதை போதும்.

இந்தக் கம்பி வளையமும் பள்ளமும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் சார்லஸ் வெல்ச் என்பவர் 1890-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பாய்டு டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயர் செய்து காப்புரிமை பெற்றிருந்தார். ஆரம்ப கால டன்லப் டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் ரப்பர் தொழிற்சாலை வைத்திருந்த மிஷெலின் சகோதரர்களிடம் ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்து நின்ற கதை பிரபலம். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், காய ஒரு ராத்திரி. பஞ்சர் ஆகாத டயரைத் தேடாமல், சீக்கிரம் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்வோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற சுமார் 1200 கிலோமீட்டர் பந்தயத்தை அந்த டயரில் ஓட்டிய ஷார்ல் தெரோன் மூன்று நாளுக்குள் முடித்து ஜெயித்தார். பஞ்சர் அவருக்கும் ஆனது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான், பஞ்சர் ஆகும் என்பதை ஒத்துக்கொண்டு அங்கிருந்து யோசித்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் சிறுமலைக்குச் சைக்கிளில் ஏறுகிற ஒரு கூட்டத்தோடு நானும் மாதத்தில் ஒருமுறை போகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கும், மலைவாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தக் கூட்டத்தின் பைகளைத் திறந்தால் ஒரு ஆஸ்பத்திரி. ஒரே அழுத்தில் டயரை நிரப்பும் கார்பன்-டை-ஆக்சைடு குப்பி, டியூப்லெஸ் டயர் ஓட்டையில் திணிக்கிற திரி, டிஜிட்டல் காற்றுமானி, டயர் ஜாக். டயர் ஜாக் என்பது நீளக் கைப்பிடியுள்ள ஒரு நெம்புகோல். ஒரு நுனி ரிம்மின் இந்த உதட்டில் ஊன்றிக்கொள்ளும், வளைந்த மறுநுனி டயரின் ஓரத்தைக் கொத்தித் தூக்கி உள்ளே போட்டுவிடும். டியூபைக் கடிக்காது. அதை முதலில் பார்த்தபோது, பணம் இருக்கிறவர்கள் விளையாட்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதை வைத்திருப்பவர் அறுபத்தைந்து வயது டாக்டர். விரல் மூட்டுகளில் வாதம். அவருடைய வண்டியின் அலுமினிய ரிம்மும் புது டயரும் அவ்வளவு இறுக்கம், எங்களில் இளைஞர்களுக்கே கட்டைவிரல் சிவந்துபோகும். அந்த ஜாக் இல்லாவிட்டால் அவர் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அவருக்கு அது கொடுத்த காசுக்கு மேலேயே திருப்பித் தந்துவிட்டது. அதே கூட்டத்தில், எல்லாக் கருவியும் வைத்திருந்து ஒன்றையும் பிரித்தே பார்க்காத ஒருவரும் உண்டு. அவர் வண்டியில் பஞ்சர் ஆனால் நாங்கள் சுற்றி நின்று ஒட்டுவோம், அவர் போட்டோ எடுப்பார்.

குப்பி, திரி, காற்றுமானி இதெல்லாம் அக்கா மகளுக்கு எதற்கு? ஒன்றும் வேண்டாம். அவளுடைய சைக்கிளில் பாதிப் பஞ்சர் பஞ்சரே கிடையாது, வால்டியூப். இந்தத் தலைமுறைக்கு அது என்னவென்று தெரியுமோ என்னவோ. சாதா சைக்கிள் மௌத்துக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இழுத்து மாட்டியிருக்கும். பம்பு அடித்தால் காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே போன காற்று அதே ரப்பரை அமுக்கி வழியை மூடிவிடும். அவ்வளவுதான் வால்வு. நம்ம ஊர் வெயிலில் அந்த ரப்பர் வெடித்துப்போகும், காற்று மெதுவாக இறங்கும். எச்சிலைத் தொட்டு மௌத்து வாயில் வைத்துப் பார்த்தால் குமிழ் விடும். ஒரு விரல் நீள வால்டியூபை வெட்டி மாற்றினால் முடிந்தது, ஓரிரண்டு ரூபாய் சமாச்சாரம். இதைத் தெரியாமல் டயரைப் பிரித்து, டியூபைத் தண்ணியில் முக்கி முக்கிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. பாய் அவளிடம் ஒரு முழம் வால்டியூபைச் சும்மாவே கொடுத்தார்.

பழகப் பழக அவளுக்கு இருபது நிமிஷத்தில் ஒட்ட வந்தது. உப்புத்தாள் தேய்ப்பது, சொல்யூஷன் தடவிப் பளபளப்பு போகும்வரை காத்திருப்பது (ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது, பொறுமையில்லாதவர்களுக்கு இங்கேதான் தோல்வி), ஒட்டித் தட்டுவது எல்லாம். அக்காவிடம் பேசி ஸ்பெஷல் கிளாஸுக்கு ஒரு மாதம் அவகாசம் வாங்கினோம்.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. இருட்டில், ஆளில்லாத ரோட்டோரம், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு இருபது நிமிஷம் குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைக்கு அந்த பைக் மறுபடி வந்தால்? நடந்துகொண்டிருப்பதைவிட அது மோசம். கருவி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

அதற்கான பதிலை அவளேதான் கண்டுபிடித்தாள். ஜனவரியில் ஒருநாள் முன் டயர் இறங்கியிருக்கிறது. டயரில் நெருஞ்சி குத்தி நிற்பது தெரிந்தது. அவள் அதைப் பிடுங்கவில்லை. "பிடுங்குனா புஸ்ஸுன்னு போயிரும் சித்தி. முள்ளு இருக்குற வரைக்கும் அதுவே அடைச்சுக்கிட்டு இருக்கும். காத்து மெதுவாத்தான் எறங்கும்." பம்பை எடுத்து நாற்பது ஐம்பது அடி அடித்து, ஏறி மிதித்திருக்கிறாள். ஒன்றரைக் கிலோமீட்டரில் மறுபடி இறங்கியது, மறுபடி அடித்தாள். பஸ் நிறுத்தத்து டீக்கடை வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் சைக்கிளைக் கவிழ்த்தாள். டீக்கடை அக்காவிடம் சட்டியில் தண்ணீர் வாங்கி, ஒட்டி, ஏழேகாலுக்கு வீடு. சுடிதார் யூனிஃபார்மில் கரி. அன்றைக்கு அக்கா திட்டியது முழுக்க அந்தக் கரிக்காகத்தான், நேரமானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே, சைக்கிள் டயருக்கென்று தனிக் கருவிகளுக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இப்படி வருகிறது. முதல் காசு பம்புக்கு. உங்கள் சைக்கிள் மௌத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், சின்னதாக, உறுதியாக. அதற்குப் பிறகு ஒட்டும் சாமான், கொஞ்சம் வால்டியூப், கம்பி பிடுங்க ஒரு முள்வாங்கி. லீவர் அதற்கும் பிறகுதான். அலுமினிய ரிம் என்றால் பிளாஸ்டிக், இரும்பு ரிம் என்றால் இரும்பு. ஜாக்கெல்லாம் கட்டைவிரலைப் பொறுத்தது. பேர் பெற்ற கம்பெனியின் நீல நிற, மஞ்சள் நிறக் கருவிகளை ஆசைக்காக வாங்குவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, பட்டுப்புடவை வாங்குகிறோம் இல்லையா. பட்டுப்புடவைக்கு யாரும் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை.

இரும்பு லீவரைக் கடையில் தேடினேன். மோட்டார் சைக்கிளுக்கான முரட்டுச் சாமான்தான் கிடைத்தது, சைக்கிள் பையில் வைத்தால் அதுவே ஒரு பாரம். கடைசியில் நாகல்நகரில் பூட்டு செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகள் அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டன, அலிகார் பூட்டு விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மாங்காய்ப் பூட்டும் மணிப் பூட்டும் ஆர்டர் வந்தால் மட்டும் செய்கிறார், மீதி நேரம் கேட் கொண்டி, தாழ்ப்பாள். பாயின் கரண்டிக் காம்பை அளவுக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரென்ன?" என்றார். டயர் லீவர் என்றேன். "லீவரா? பூட்டுக்குள்ள போடுறதும் லீவர்தானம்மா. ஏழு லீவர், எட்டு லீவர்னு காலம் பூராவும் அதத்தான் ராவிக்கிட்டிருக்கேன்."

இரும்புப் பட்டையை வெட்டி, முனையை லேசாக வளைத்து, அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். நடுநடுவே தன் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தார். டியூபைக் கிழிக்கக் கூடாது என்று நான் ஒருமுறைதான் சொன்னேன். ஜோடி அறுபது ரூபாய். அவளுக்கு ஒரு ஜோடி போதும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் அவள் டீக்கடை வெளிச்சத்தில் ஒட்டியதை அதே பாதையில் வருகிற பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் பணம் கொடுத்தனுப்பியிருந்தார்கள், எல்லாம் பத்து ரூபாய்த் தாளும் சில்லறையுமாக, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த காகிதத்தில் பெயர்வாரியாக மடித்து.

ஏழு ஜோடி என்றதும் பெரியவர் பட்டையை எண்ணி எடுத்து வைத்தார். பிறகு ஒன்றின் வால்பக்கத்தைக் காட்டி, கயிறு கோக்க ஓட்டை போடணுமா என்று கேட்டார். போடச் சொன்னேன்.